அண்ணனின் கிட்டார்

சுனாபட்டி என்னும் பெயரைக் கேட்டவுடன் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி முதலிய நம் ஊர்ப் பெயர்களோடு அதனைச் சேர்த்துவிடத் தோன்றும். மராத்தியில் ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது சூளை. சுண்ணாம்புச் சூளை என்பதே இப்பெயரின் பொருள். மும்பையின் துறைமுக இருப்புப்பாதையில் குர்லாவுக்கு அடுத்த நிலையமான இவ்வூருக்குப் பணிமாற்றம் பெற்று வந்தபோது, என்னிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு மின்கிட்டாரும் இருந்தன. கிட்டார் என்னுடையதன்று. திருநெல்வேலியில் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்து, கோவில் கொடைகளிலும் திருமணங்களிலும் வாசித்துவந்த என் அண்ணனுடையது. அவர் மறைந்தபின் அண்ணி அதனை என் கையில் கொடுத்து, “சும்மா தொங்கவிடாதீங்க தம்பி, யாராவது வாசிக்கணும்” என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது, பேணத் தெரியும். அண்ணன் பழுதுபார்க்கும்போது அருகில் அமர்ந்து, கழற்றிய திருகாணிகளைத் தட்டில் வரிசையாக வைப்பது சிறுவயதில் என் வேலை.

மும்பையின் மழைக்காலம் தந்திக் கருவிகளுக்குப் பகை. காற்றின் ஈரத்தை மரம் குடித்துப் பருக்கிறது, கழுத்து வளைகிறது, எஃகுத் தந்தி துருப்பிடிக்கிறது. முதல் ஆண்டு மழை ஓய்ந்தபோது அண்ணனின் கிட்டாரில் பாதிக் குறைகள் தலைகாட்டிவிட்டன. சுருதி நிற்கவில்லை. மின்வடத்தைச் செருகினால் கரகரவென்று இரைந்தது. அப்பொழுதுதான் எங்கள் குடியிருப்பின் மேல்தளத்திலிருந்து என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனுடைய தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். அவன் தமிழ் சரளமாகப் பேசுவான். படிக்கும்போது எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பான். கிட்டார் வாசிப்பில் மட்டும் வேகம்.

“ஐயா, எல்லாத்தையும் மாத்திடலாம். புது பிக்கப், புது பிரிட்ஜ், எல்லாம் கிடைக்குது” என்றான்.

“முதலில் துடைப்போம்” என்றேன்.

பழைய தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினோம். இறுக்கமாக இருக்கும் தந்தியை வெட்டினால் அது துள்ளிக் கண்ணில் படக்கூடும். ஆகவே தளர்த்தியபின்பே வெட்ட வேண்டும். விரற்பலகையில் மெட்டுகளின் ஓரங்களில் படிந்திருந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் நீக்கி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தோம். கறுஞ்சிவப்பாக மரம் மீண்டும் தெரிந்தது. அது ஈட்டி மரம்; தோதகத்தி என்றும் சொல்வர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் இம்மரத்தையே உலகின் பல நாட்டுக் கிட்டார்களும் விரற்பலகையாகச் சுமக்கின்றன என்று சொன்னபோது, அவன் பலகையை இன்னொரு முறை தடவிப் பார்த்தான்.

மாணவர்களே, இக்கருவியின் உறுப்புகளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று எண்ண வேண்டா. வீணைக்கலைஞர்கள் தந்தி முறுக்கும் ஆணியைப் பிரடை என்பர். தந்தியைத் தாங்கும் பாலத்தைக் குதிரை என்பர். விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குத் தண்டுகளை மெட்டு என்பர். இன்னும் பின்னே சென்றால் பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படை, யாழினை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. துளைகளை மூடும் ஆணிகள் நண்டின் கண்களைப் போன்றவை. நரம்பை இறுக்கவும் தளர்த்தவும் உதவிய வார்க்கட்டாகிய திவவு, பெண்ணின் முன்கை வளையல்களைப் போன்றது. கருவியைக் கழற்றிப் பார்த்தவர்களின் அருகில் அமர்ந்திருந்தால் அன்றி இவ்வளவு நுட்பமாகப் பாட முடியாது என்பது என் எண்ணம்.

புதுத் தந்திகளில் மிக மெல்லியது கால் மில்லிமீட்டர் பருமனே உடையது. அவற்றைக் கட்டி முடித்தபின் வந்த வேலை, அண்ணன் மிகவும் விரும்பிச் செய்தது: குதிரையை நகர்த்துதல். மின்கிட்டாரில் ஆறு தந்திகளுக்கும் தனித்தனியே ஆறு சிறு குதிரைகள் உண்டு. பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுவில் இருக்கிறது. அவ்விடத்தில் அழுத்தி மீட்டினால், வெறும் தந்தியின் சுரம் ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்க வேண்டும். ஐந்தாம் தந்தி வெறுமனே நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், அங்கே 220 முறை அதிர வேண்டும். ஆனால் விரல் அழுத்தும்போது தந்தி சற்றே இழுபடுவதால் சுரம் சிறிது ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தை ஈடுசெய்யவே குதிரையைச் சிறிது பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டுகிறோம். சுரம் இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவருகிறோம். திருகாணியைக் கால் சுற்று திருப்ப வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும், கேட்க வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். மாணவன் கைப்பேசிச் செயலியின் முள்ளைப் பார்த்தான். அண்ணனோ கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டு முறையிலும் ஆறு தந்திகளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது.

பிரடைகளைப் பற்றி நீண்ட வழக்கு எதுவும் எழவில்லை. பற்கள் தேய்ந்து வழுக்கிய அவற்றைத் தோபி தலாவ் கடைகளில் வாங்கிய புதியவற்றால் மாற்றினோம். பிக்கப்பைப் பற்றித்தான் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது.

பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மையே இதன் அடிப்படை. ஒற்றைச் சுருள், வீட்டு மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எதிரெதிராக அமைந்த இரட்டைச் சுருள் அந்த இரைச்சலைத் தானே அழித்துவிடும். அதைப் பொருத்துவோம் என்றான் மாணவன். அவன் சொன்னது அறிவியற்படி சரி. ஆனால் இரட்டைச் சுருளின் ஒலி தடித்தது. அண்ணனின் கிட்டார் ஒலியோ மெலிந்து, கூர்ந்து ஒலிப்பது. அதை மாற்றினால் கையில் எஞ்சுவது யாருடைய கிட்டார்?

அவன் விடவில்லை. “மேண்டலின் ஸ்ரீனிவாஸ் மாத்தலையா?” என்றான். கிங்ஸ் சர்க்கிளின் சண்முகானந்தா அரங்கத்திற்குப் பெற்றோருடன் சென்று வரும் பிள்ளை அல்லவா! 1969இல் பிறந்து 2014இல் மறைந்த உ. ஸ்ரீனிவாஸ், இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள் கொண்ட மேண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளுடைய மின்கருவியாக மாற்றிக்கொண்டார். இரட்டைத் தந்தியில் கமகம் இழைவது கடினம். மின்னொலியோ நீண்டு நிற்கும். செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும் ஸ்ரீனிவாசும் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லினோடு இணைந்து இசைத்தனர். அந்த மெக்லாஃப்லினும் 1970களில், வீணையைப்போல் தந்தியை இழுத்து வாசிப்பதற்காக, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தியவர். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

கரகரப்புக்குக் காரணம் காணக் கிட்டாரின் முன்தகட்டைத் திறந்தோம். மின்வடத்தை முன்னரே பிடுங்கியிருந்தோம். இது மறக்கக்கூடாத செயல். உள்ளே, மரக்குழி முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. இரைச்சலைத் தடுக்க அண்ணன் தாமே செய்த ஏற்பாடு! தாளிலிருந்து ஒரு கம்பி தரைஇணைப்புக்குச் சென்றது. அது அறுந்து கிடந்தது. ஜாக்கின் கம்பி ஒன்றும் விட்டுப்போயிருந்தது. தகட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய எழுத்துகள் இருந்தன. கையெழுத்தை நான் அறிவேன். ஆயினும் நான் படிக்கவில்லை. மாணவன் குனிந்து கூட்டிக் கூட்டிப் படித்தான்: “க–று–ப்–பு... கறுப்பு, எர்த்து. வெள்ளை, சிக்னல்.”

“அப்போ அவரும் மாத்தியிருக்காரு ஐயா” என்றான்.

ஆம், மாற்றியிருக்கிறார், பிக்கப்பை மாற்றாமலே இரைச்சலைக் குறைக்க முயன்றிருக்கிறார். அதே வழியில் செல்வதற்கு இருவரும் உடன்பட்டோம். லேமிங்டன் சாலையில் செம்புப் பட்டை வாங்கிக் கிழிந்த தாளின் இடத்தில் ஒட்டினோம். சால்டரிங் அயனை நான் பிடிக்க, எந்தக் கம்பி எங்கே என்று அவன் அந்த எழுத்துகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒலியளவுக் குமிழுக்குள் துப்புரவுத் திரவம் தெளித்தோம். இரைச்சல் முழுவதும் போகவில்லை, பெருமளவு அடங்கியது.

இப்பொழுது ஞாயிறுதோறும் அவன் வந்து வாசிக்கிறான். சென்ற வாரம் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கச் செய்தேன். “மூணாவது கம்பி உரசுது தம்பி” என்றார். இத்தனை ஆண்டுக்காலம் அந்தக் கிட்டாரைக் கேட்ட காது அது! கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தீபாவளி விடுமுறைக்குள் மரத்தின் ஈரம் வற்றிவிடும்; அதன்பின் அதில் கை வைக்கலாம்.