உறங்குமுன் அணைக்க வேண்டிய நெருப்பு



மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, அதிலிருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்ததாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். மதரஸாவில் இந்த நபிமொழியைக் கேட்ட நாள்களில் நம் மனக்கண்ணில் தோன்றியது எண்ணெய் விளக்கின் திரியே. இன்று விளக்கின் இடத்தில் மின்விளக்கு வந்துவிட்டது. ஆனால் சிகரெட்டின் கங்கு பல வீடுகளில் இன்னும் உறங்காமல் இருக்கிறது.

அக்கங்கு உடனே சுடர்விட்டு எரிவதில்லை. மெத்தையிலோ சோபாவின் இடுக்கிலோ விழுந்து, நெடுநேரம் உள்ளுக்குள் கனன்று, வீட்டார் அயர்ந்து உறங்கும் வேளையில் தீயாக எழுகிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்வுட் என்னும் ஊரில், தாய், தந்தை, ஐந்து பிள்ளைகள் என ஒரு குடும்பமே இவ்வாறு மாண்டது. அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ மோக்லி, தானே அணையும் சிகரெட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடி, அதைக் காணாமலேயே 2001இல் இறந்தார். 2004இல் நியூயார்க் மாநிலம் அச்சட்டத்தை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது. 2005இல் கனடாவும், 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வழியில் வந்தன.

இதன் நுட்பம் எளியது. சிகரெட்டைச் சுற்றியுள்ள தாளில், இடைவெளி விட்டுத் தடித்த வளையங்கள் அமைக்கப்படுகின்றன. புகைப்பவர் இழுக்காமல் விட்டுவிட்டால், கங்கு அவ்வளையத்தை அடையும்போது போதிய காற்றின்றி அணைகிறது. எனினும் நியூயார்க்கின் விதிப்படி, சோதிக்கப்படும் 40 சிகரெட்டுகளில் 10 வரை இறுதிவரை எரிந்தாலும் அவ்வகை தேர்ச்சி பெறும். ஆபத்தைக் குறைக்க மட்டுமே சட்டத்தால் இயலும். நுரையீரலுக்கு விளையும் கேட்டையோ அது தொடுவதே இல்லை.

இங்கேதான் நமது பொறுப்பு தொடங்குகிறது. புகைப்பது கூடாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்திருப்பதை நாம் அறிவோம். ஆயினும் புகைப்பவரைப் பழிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் கையிலிருந்து நழுவும் கங்கு, புகையை ஒருநாளும் தீண்டாத மனைவியையும், தொட்டிலில் உறங்கும் மழலையையும், சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரையும் சேர்த்தே எரிக்கும். அவ்வுயிர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா?

சட்டம் நிறைவேறக் கால் நூற்றாண்டு ஆயிற்று. நம் வீட்டுக்கு இன்றிரவே ஒரு சட்டம் போதும்: படுக்கையறைக்குள் நெருப்பு இல்லை. துண்டுச் சிகரெட்டை நீரில் நனைத்த பின்பே குப்பையில் இடுவோம். கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணித் தணலையும் துணிமணிகளிலிருந்து விலக்கி வைத்து, உறங்குமுன் அணைத்துவிடுவோம். புகைக்கும் சகோதரரிடம், அவர் அதை விட்டொழிக்க வேண்டும் என்று அன்போடு மீண்டும் மீண்டும் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை இவ்வுலகின் தீயிலிருந்தும், நம்மை மறுமையின் தீயிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.