கொண்டல்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவில்பட்டிச் சீமையில் எல்லார் கண்ணும் கிழக்கே திரும்பிவிடும். ஆனியிலும் ஆடியிலும் புழுதியை வாரியிறைத்த மேல்காற்று அடங்கியிருக்கும். மழையை நம்பிப் புரட்டாசியிலேயே காய்ந்த கரிசலுக்குள் விதை போயிருக்கும். அப்படியொரு மாலையில் பங்கு இல்லத்துத் திண்ணையில் நம்மோடு பேசிக்கொண்டிருந்த முதிய சம்சாரி ஒருவர், சட்டென்று பேச்சை நிறுத்தி முகத்தைத் தூக்கினார். “கொண்டல் திரும்பிருச்சு சாமி” என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைத் தூத்துக்குடிக்கு வடக்கே, நாம் பிறந்த ஊரின் கடற்கரை மணலில் கொண்டுபோய் நிறுத்தியது. கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்ற பெயரை நாம் முதன்முதலில் கேட்டது கடல்தொழில் செய்த நம் தந்தையாரின் வாயிலிருந்துதான். கடலுக்கும் கரிசலுக்கும் இடையே எத்தனை காடுகரை கிடந்தாலும் காற்று ஒன்றே. அதன் பெயரும் ஒன்றே.

தந்தையார் விடியுமுன் எழுந்து கரையில் சற்று நேரம் பேசாமல் நிற்பார். வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று உடம்பே அவருக்குச் சொல்லிவிடும். நீரோட்டத்தை நீவாடு என்பார். வடக்கிலிருந்து வருவது வாநீவாடு. தெற்கிலிருந்து வருவது சோநீவாடு. காற்றும் நீவாடும் எதிரெதிரே மோதும் நாளில் அலை குத்தாக எழும் என்பதால் வலையை எடுக்கமாட்டார்.

கடலடியில் மீன் தங்கும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பி விளைந்த இடங்களும் பார்களே. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆயினும் பார்களின் பெயர்கள் மீனவர் நாவில் நின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாரைக் கண்டடையும் வழியே கணியம். கரையில் ஒரு கோபுரமும் அதன் பின்னே ஒரு பனையும் ஒரே கோட்டில் பொருந்த வேண்டும். வேறொரு திசையில் மற்றோர் இணை பொருந்த வேண்டும். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் வலையை இறக்கலாம். 1979-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், அதன் உயர்ந்த புகைபோக்கிகளையும் தந்தையார் தம் கணியத்தில் சேர்த்துக்கொண்டார். புகை சாயும் பக்கம் பார்த்துக் காற்றையும் படித்தார். பழைய அறிவு என்று நாம் பெயரிட்டு ஒதுக்கியது, அவரிடம் அன்றாடம் புதிதாகிக்கொண்டிருந்தது.

நல்ல பாரின் கணியத்தை எவரும் ஊரறியச் சொல்வதில்லை, மகனுக்குத்தான் சொல்வார்கள். நாம் அவருக்கு ஒரே மகன். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள், “எய்யா, ஒரு வாரம் என்கூடக் கடலுக்கு வா, பாரெல்லாம் காட்டித் தாரேன்” என்றார். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்றோம். அவர் வற்புறுத்தவில்லை. 2003-இல் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்திற்கு மறுநாள் பக்கத்து வீட்டு இளைஞர் தயங்கியபடி வந்து, “சாமி, ஒங்க அப்பா அந்த வடக்குப் பாருக்கு என்ன கணியம் வச்சிருந்தாவ?” என்று கேட்டார். புனித தோமா அக்குவினாரின் ஐந்து நிரூபணங்களையும் வரிசை பிசகாமல் சொல்ல நமக்குத் தெரியும். அந்தக் கணியம் தெரியாது.

அத்தனை வெட்கப்பட்டும், கரிசல் சீமைக்கு வந்த முதல் ஆண்டிலேயே அதே தவற்றை மீண்டும் செய்தோம். மேற்கே முகில் எழுந்தால் மழை வருமென்று அறிந்த மக்களிடம் ஆண்டவர் பேசும் லூக்கா நற்செய்திப் பகுதிக்கு மறையுரை ஆற்றினோம். அதில் கர்ப்போட்டம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று சாடினோம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறத்தாழ பதினான்கு நாளும் முகிலோட்டத்தைக் கவனித்து, அடுத்த ஆண்டு மழையைக் கணிப்பதே கர்ப்போட்டம்.

திருப்பலி முடிந்ததும் அந்த முதிய சம்சாரி வந்தார். “சாமி, பலிச்சாலும் பலிக்காட்டியும் பதினாலு நாளும் வானத்தைப் பாக்கோமில்ல? பாக்காதவன் எப்படி வெள்ளாமை பண்ணுவான்?” என்றார். நமக்கு மறுமொழி இல்லை. ஆண்டவர் அம்மக்களின் வானறிவை எங்கே இகழ்ந்தார்? அதை மெய்யென்று ஏற்றுக்கொண்டல்லவா அதற்கு மேலான ஒன்றைக் கேட்டார்! இகழ்ந்தது நாமே.

இதனால் முதியோர் சொல்வதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயலாக வலுத்துவிட்டது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மீனவரை எச்சரிக்கை எட்டவில்லை. பட்டறிவும் பலரைக் காக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரிசலில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். கடல் சூடேறி, பருவம் தடுமாறும் இக்காலத்தில், “கணக்குத் தப்புது சாமி” என்று முதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். செயற்கைக்கோள் காண்பதைத் திண்ணையிலிருந்து காண முடியாது. ஆனால் செயற்கைக்கோளின் செய்தி கரைக்கும் காட்டுக்கும் வந்துசேரும்போது, அதை வாங்கிப் பொருள்கொள்ள வானத்தைப் பார்த்துப் பழகிய கண் ஒன்று வேண்டும். அக்கண்ணை இழந்தவருக்கு அறிவிப்பு வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

இப்போது நம் ஆலய அறிவிப்புப் பலகையில் மழைக்காலம் முழுவதும் வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய முன்னறிவிப்பை எழுதுகிறோம். அதன் கீழே அம்முதியவர் சொல்வதும் தேதியோடு இடம்பெறுகிறது. இரண்டும் பலித்த நாள்கள் உண்டு. இரண்டும் பொய்த்த நாள்களும் உண்டு. பலகையில் எழுதுபவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேரன். எழுதி முடித்ததும் தாத்தா அவனைக் கிழக்கே பார்க்கச் சொல்கிறார். நாமும் அவனருகில் நின்று பார்க்கிறோம்.