கிழிந்த தாள் சொல்வது

ஓர்ஸ் ஹில் வீட்டு விறாந்தையில் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து பேரன் அழைத்தான். அங்கே இரவு. திரையில் அவன் முகம் தெரியவில்லை. மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றே தெரிந்தது. நடுவே ஒரு கிழிசல்.

“அம்மப்பா, உங்கட பேப்பருக்குள்ளால அம்பு விட்டிட்டன், கோவிக்காதேங்கோ” என்றான்.

வில்வித்தைக் கழக மண்டபத்தில் அவன் பழகுவது கொம்பவுண்ட் வில். மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன் என்ற அமெரிக்கர் 1966இல் விண்ணப்பித்து, 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நுனிகளில் உள்ள உருளைகளால், நாணை முழுதாக இழுத்ததும் பாரம் குறைந்துவிடும். 50 இறாத்தல் வில்லில் 80 வீதம் குறைந்தால் கையில் நிற்பது 10 இறாத்தலே. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இவ்வில்லுக்கும் கலப்புக் குழுப் போட்டி உண்டு.

இவ்வில்லைச் சீர்செய்யும் வழிகளுள் ஒன்று, சுமார் 2 மீற்றர் தூரத்திலிருந்து தாளை ஊடுருவ எய்து பார்ப்பது. அம்பு நேராகச் சென்றால் வட்டத் துளையும் இறகுகளின் கீறல்களும் மட்டுமே எஞ்சும். வால் உயர்ந்து பாய்ந்தால் கிழிசல் மேல்நோக்கி நீளும். நாணில் அம்பு பொருந்தும் இடத்தைச் சற்றே இறக்கிப் பார்ப்பார்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அம்புதாங்கி காரணமாகலாம். வில்லை முறுக்கிப் பிடித்த கையும் காரணமாகலாம். ஆகவே ஒரு கிழிசலை நம்பி எதையும் திருகலாகாது. பல அம்புகளும் ஒரே விதமாகக் கிழித்தால் வில்லைச் சோதிக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாயின், முதலில் கையைத்தான் பார்க்க வேண்டும்.

அம்பைப் பற்றிய பழைய குறிப்பொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டவர் ரொபேட் நொக்ஸ். அவர் 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றிச் சொல்கிறார். தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் இலையொன்றை வெட்டி, இறைச்சியோடு சேர்த்து இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் இலையைப் பார்த்தே முனையை அடிப்பான். முனை பிழைத்தால் இலையை அருகில் வைத்துப் பார்க்கலாம்; பிழை யாருடையது என்பது தெரிந்துவிடும்.

நான் ஒருமுறை இலையைப் பார்க்கவில்லை. ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலம். விபத்தில் இறந்தோர் பட்டியலில், உயிரோடிருந்த ஒருவரின் பெயர் வெளியாகிவிட்டது. அச்சுக்கோப்பாளரை எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். அவர் தலைகுனிந்து நின்றார். மாலையில் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். அந்தப் பெயர் என் கையெழுத்திலேயே இருந்தது. மறுநாள் வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்தோம். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்று அவர் இருக்கிறாரோ, இல்லையோ.

பேரன் மேலும் நான்கு அம்புகளை எய்து, தாளைத் திரைக்கருகே கொண்டுவந்தான். ஐந்து கிழிசல்களும் ஐந்து விதம்.

“வில்லில பிழையில்லைப் போல, அம்மப்பா. என்ர கைதான்.”

திருகுசாவியைப் பையில் போட்டுவிட்டு மீண்டும் வில்லை எடுத்தான். அவனுக்கு வயது பதினாறு. அந்த அச்சகத்தில் எனக்கு முப்பத்தைந்து.