ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி...

உபுண்டுல பாஸ்வேர்டைச் சரியா அடிக்கிறீங்க. திரை ஒரு நொடி கறுத்துட்டு, மறுபடியும் பாஸ்வேர்ட் கேக்கிற பக்கத்துக்கே வந்து நிக்குது. தப்பா அடிச்சிருந்தா தப்புன்னு சொல்லியிருக்கும். ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்தா, டிஸ்க் நிரம்பிடுச்சான்னு முதல்ல பாருங்க. உள்ள நுழையும்போது எழுதவேண்டிய சின்னக் கோப்புகளுக்குக்கூட இடம் இல்லைன்னா, டெஸ்க்டாப் எழுந்திருக்க முடியாம விழுந்துடும்.

கோவில்பட்டியில அப்பாவோட மடிக்கணினிக்கு இதுதான் ஆச்சு. பக்கத்துக் கடையில காட்டினதுக்கு, "ஃபார்மட் போட்டுரலாம் சார், அரை மணி நேர வேலை"ன்னு பதில். அரை மணி நேரம்தான். ஆனா உள்ள இருக்கிறது அப்பா மூணு வருஷமா தட்டினது: எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் பொண்ணு எடுத்தாங்க, தாத்தா தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன கூலி வாங்கினாரு, எல்லாம். புனேயில மராத்தி பேசி வளர்ற எங்க வீட்டு வாண்டுகளுக்காக எழுதுறாரு. வேற எங்கயும் நகல் கிடையாது.

நான் இங்க, அவர் அங்க. போன்லதான் வைத்தியம். நல்லவேளை, அப்பா தபால் ஆபீஸ்ல தந்தி பார்த்தவர் (2013-ல தந்தியையே மூடிட்டாங்க). எழுத்தெழுத்தா வாங்கி, திருப்பிச் சொல்லிட்டுத்தான் தட்டுவாரு.

"கண்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் அமுக்கிக்கிட்டு எஃப்3 தட்டுங்கப்பா."

கறுப்புத் திரை வந்துச்சு. "பாஸ்வேர்ட் அடிச்சா ஒண்ணுமே விழ மாட்டேங்குதுலே."

"விழுதுப்பா, காட்டாது. அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

உள்ள போனதும் நான் சொல்றதுக்குள்ள அவரே எல்எஸ் போட்டுப் பார்த்துட்டாரு. குரல் மாறிடுச்சு. "பேரெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. அம்புட்டும் போச்சா?"

போகலை. அந்தக் கறுப்புத் திரையோட எழுத்துருவுல அதிகபட்சம் 512 உருவங்கதான் அடங்கும், தமிழுக்கு அதுல இடமில்லை. கோப்பு அப்படியே இருக்கும், காட்டத்தான் தெரியாது. இதைப் புரிய வைக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

அப்புறம் டி, எஃப், ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஹெச். 100 சதவீதம்! லாக் கோப்புகள் இருக்கிற வார் லாக் அடைவுல 'டியூ' போட்டா, சிஸ்லாக் 38 ஜிபி, கெர்ன் லாக் 36 ஜிபி.

இவ்வளவு நிரம்பியும் சூடோ எப்படி வேலை செய்யுதுன்னா, ஈஎக்ஸ்டி4 வழக்கமா 5 சதவீத இடத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கும். வீட்ல அம்மா அரிசிப் பானைக்குள்ள வெக்கிற காசு மாதிரி :-)

இங்க ஒரு முக்கியமான விஷயம். லாக் கோப்பை அழிக்காதீங்க. அதை ஒரு நிரல் திறந்து வெச்சிருக்கும்போது அழிச்சா பேருதான் போகும், இடம் திரும்பி வராது. சூடோவோட ட்ரங்கேட், கோடு எஸ், சுழி, பிறகு கோப்போட பேரு. உள்ள இருக்கிறது காலியாகி, இடம் உடனே கிடைக்கும். ஆனா காலி பண்றதுக்கு முன்னாடி 'டெயில்' போட்டுக் கடைசி வரிகளைப் படிச்சுடுங்க. குற்றவாளி அங்கதான் இருப்பான். எங்களுக்கு ஒரே வரிதான் திரும்பத் திரும்ப: பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட். வைஃபை கார்டு இணைப்புல வர்ற சின்னப் பிழை. தானே திருத்திக்கிது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஊரைக் கூட்டிச் சொல்லுது.

ரெண்டு கோப்பையும் காலி பண்ணிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 தட்டி, பாஸ்வேர்ட் அடிச்சாரு. டெஸ்க்டாப் வந்துச்சு. முதல் வேலையா அந்த அடைவு மொத்தமும் பென்டிரைவுக்குப் போச்சு, எனக்கும் ஒரு நகல் மெயில்ல வந்துச்சு. அப்புறம் வீடியோ அழைப்புல வெச்சு, கிரப் அமைப்புல பிசிஐ ஈக்வல்டு நோ-ஏ-இ-ஆர்னு சேர்த்து, அப்டேட் கிரப் ஓட்டினோம். இது புலம்பலை நிறுத்துமே தவிர பிழையைத் தீர்க்காது. வைஃபை நல்லா ஓடுறதால நான் அதோட விட்டுட்டேன்.

உங்க டிஸ்க்ல இடம் தாராளமா இருந்தும் இதே கூத்து நடந்தா, ஹோம் அடைவுல புள்ளி எக்ஸ்-அத்தாரிட்டின்னு ஒரு கோப்பு ரூட் பேர்ல கிடக்குதான்னு பாருங்க. இருந்தா, சூடோவோட சிஹெச்-ஓன் போட்டு அதை உங்க பேருக்கு மாத்திட்டு, மறுபடி நுழைஞ்சு பாருங்க.