கட்டிப்பிடித்தால் கவலை தீருமா?

2004இல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல் செய்யும் 'கட்டிப்பிடி வைத்தியம்' நமக்கெல்லாம் தெரியும். டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் சிரிக்கிறோம். ஆனால் அதில் உண்மை இருக்கிறதா?

எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கும் பழக்கமே கிடையாது. அப்பா லோடுமேன். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். 'அரியர்' என்றால் என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. என் டென்ஷனை அங்கே எப்படிச் சொல்வது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது, "பாத்துப் போப்பா" என்று அப்பா, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் என் தோளை ஒரு அழுத்து அழுத்துவார். ஹாஸ்டல் வரைக்கும் அந்தச் சூடு கூடவே வரும்!

போன செமஸ்டர் ரிசல்ட்டில் என் ரூம்மேட்டுக்கு மூன்று அரியர். மெஸ்ஸுக்கு வராமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "விடுறா மாப்ளே, அடுத்த தடவை கிளியர் பண்ணிரலாம்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவன் காதில் ஏறவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டுத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அழுதான். அழுது முடித்து, "பசிக்குதுடா" என்றான்.

அரியர் போய்விட்டதா? மூன்றும் அப்படியேதான் இருந்தன. ஆனால் மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்கப் போனான்!

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 404 பேரிடம் 14 நாட்கள் தினமும் இரவில் விசாரித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. சண்டை சச்சரவு நடந்த நாளில் யாராவது அணைத்திருந்தால், அன்றைக்கு மனக்கசப்பு குறைவாக இருந்ததாம். அணைத்ததால் மட்டும்தான் குறைந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் அனுபவமும் அதைத்தானே சொல்கிறது?

மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால், அணைப்பு ஒரு ஷாக் அப்சார்பர். ரோட்டுப் பள்ளத்தை அது மூடாது, குலுக்கலைக் குறைக்கும். வண்டியை நாம்தான் ஓட்ட வேண்டும்.

ஒன்று... விருப்பமில்லாதவரைத் தொட்டால் அதுவே அவருக்கு டென்ஷன். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். இன்னொன்று... வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அணைப்பு மட்டும் போதாது. டாக்டரிடம் போக வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கம் எதற்கு?

நண்பர்களே! ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று ஒதுங்கிப் போகாதீர்கள். அடுத்த ரிசல்ட் அன்று பக்கத்துக் கட்டிலில் யார் சாப்பிடாமல் இருக்கிறான் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்!