எலும்புக் கப்பல்கள்

பெரிய பொருளைச் சிறியதாகச் செய்து வைத்துக்கொண்டால் அது நம் கைக்குள் வந்துவிடுகிறது. பகுதி பகுதியாகத் தட்டுத் தடுமாறி அறிய வேண்டியதை ஒரே பார்வையில் முழுமையாக அறியும் சுகம் கிடைக்கிறது. லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இப்படி வாதிடுகிறார். புட்டிக்குள் நிற்கும் கப்பல் அவருடைய உதாரணங்களில் ஒன்று. எல்லாக் கலைப்படைப்புமே ஒருவகையில் சிற்றுருதானோ என்று கேட்கும் அளவுக்குப் போகிறார். நம் நண்பர்கள் சிலர் கவிதையைப் பற்றிப் பேசும்போது இதை எடுத்துப் போடுவதுண்டு. எனக்கும் பிடித்த கருத்துதான். சிற்றுரு கையால் செய்யப்படுவது என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கை யாருடையது, எங்கே அடைபட்டிருந்தது, யாருக்கு விற்பதற்காகச் செய்தது என்பவை அவர் வாதத்துக்கு வேண்டாதவை. எனக்கு அவை வேண்டியிருக்கின்றன. காரணம், பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் பார்த்த எலும்புக் கப்பல்கள்.

பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797இல் ஒரு சிறைமுகாம் திறந்தார்கள். போர்க்கைதிகளை அடைப்பதற்கென்றே கட்டப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள், டச்சுக்காரர்கள் என்று ஒரே சமயத்தில் ஆறாயிரம், ஏழாயிரம் பேர் வரை மரக் கொட்டகைகளில் இருந்தார்கள். 1802இல் சமாதானம் வந்து வீடு போனார்கள். 1803இல் மறுபடி யுத்தம். அதற்குப் பின் பிடிபட்டவர்களில் பலருக்கு 1814 வரை விடுதலை இல்லை. இங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 1770 பேர்; 1800-01இல் பரவிய காய்ச்சலில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல். யுத்தம் முடிந்ததும் முகாமைப் பிரித்து விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே பெரும்பாலும் புல்வெளி; 1914இல் எழுப்பிய ஒரு தூணும் உண்டு. தூணின் உச்சியிலிருந்த வெண்கலக் கழுகை 1990இல் யாரோ திருடிக்கொண்டு போக, 2005இல் வேறொன்று செய்து வைத்தார்கள்.

கைதிகளுக்கு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இறைச்சி உண்டு. தின்றது போக எலும்பு மிஞ்சும். அதைக் கொதிக்க வைத்து, சுரண்டி, வெளுக்க வைத்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரத்தில் செதுக்கிய உடலின்மீது பித்தளை ஆணிகளால் பட்டை பட்டையாக அடித்தார்கள். ஆணி என்றால் குண்டூசியைவிட மெலிந்த ஆணி. கரும் பட்டைகள் வர வேண்டிய இடத்தில் திமிங்கிலத் தாடைத் தகடு. கயிறுகளுக்குப் பட்டு நூல், பருத்தி நூல். தலைமயிர் என்றும் சொல்கிறார்கள். கருவிகளில் பாதி அவர்களே செய்துகொண்டவை. சாண் அளவிலிருந்து மூன்றடி வரை கப்பல்கள் எழுந்தன. முகாம் வாசலில் சந்தை கூடும். ஊர்க்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். வைக்கோலைப் பின்னி விற்பதை மட்டும் அதிகாரிகள் தடை செய்தார்கள் - உள்ளூரில் வைக்கோல் தொப்பி செய்கிறவர்களின் பிழைப்பு கெடும் என்று. எலும்பில் போர்க்கப்பல் செய்கிறவன் உள்ளூரில் எவனும் இல்லை.

இந்த இனத்தில் இன்னொரு ஜாதி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள். கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவில் அனாபலிஸ் கடற்படைக் கழகத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் நாற்பத்தெட்டுக்கு ஒன்று என்ற அளவு. ஓர் அடி கால் அங்குலமாகும். 186 அடி நீளப் பீரங்கித் தளம் கொண்ட ‘விக்டரி’ இந்தக் கணக்கில் நாலடிக்குச் சற்றுக் குறைவு. கீழ்ப்பகுதிக்குப் பலகை அடிக்காமல் விலாச் சட்டங்கள் தெரியும்படி விட்டிருப்பார்கள். ஓக் மரத்தின் ரேகை இந்த அளவில் முரட்டுத்தனமாகத் தெரியும் என்பதால் பேரிக்காய் மரத்திலும் பாக்ஸ் மரத்திலும் செதுக்கினார்கள். ரேகையைச் சுருக்க முடியாது என்பதை உணர்ந்து பொருளையே மாற்றியது சாதாரண விஷயமில்லை. கடற்படை அலுவலகத்திலிருந்த சாமுவேல் பீப்ஸ் 1662இல் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டுதான் கப்பலின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கற்றுக்கொண்டார். லெவி-ஸ்ட்ராஸ் சொல்லும் சுகம் இந்த மாதிரிகளுக்குப் பொருந்தும். நிர்வாகியின் மேசைமீது கப்பல் அடங்கி நிற்கிறது.

கைதியின் கப்பலில் அளவு இல்லை. வரைபடம் ஏது? பாய்மரங்கள் இருக்க வேண்டியதைவிட ஓங்கி நிற்கும். உடல் குறுகியிருக்கும். நிபுணர்கள் இதைப் பிழை என்று எழுதுகிறார்கள்; அளவுகோலின்படி பிழைதான். ஆனால் எனக்கு அந்த உயரம் வேறு விதமாகப் படுகிறது. மேல்தளத்தில் நின்று, புயலில் ஏறச் சொல்லி உத்தரவு வந்ததும் அண்ணாந்து பார்க்கிறவனுக்குப் பாய்மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் அது. கப்பலை வெளியிலிருந்து முழுமையாகப் பார்க்கிற பாக்கியம் மாலுமிக்குக் குறைவு. அவன் அறிந்தது ஒரு பீரங்கி, ஒரு கயிறு, தொங்குபடுக்கைக்கு ஒரு மூலை. அந்தப் பகுதிகளிலிருந்து கட்டிக்கொண்டே போகிறான். முழுமை கடைசியில், கோணலாக, வந்து சேர்கிறது. கோணலில்தான் அனுபவம் தங்கியிருக்கிறது. யதார்த்தம் என்ற பெயரில் நம் நாவல்களில் நடக்கும் கால் அங்குலக் கணக்கை நினைத்துக்கொண்டேன். அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். ஓங்கிய பாய்மரம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், எடுப்பாக இருப்பது விலை போகும். எலும்பை அறுத்தவனுக்குத் தன் அனுபவத்தை வெளியிடும் உத்தேசம் இருந்திருக்க வேண்டியதில்லை. ரொட்டிக்கும் புகையிலைக்கும் காசு வேண்டும். இரண்டு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் எனக்குத் தெரியவில்லை. விலைக்குச் செய்கிற கை தனக்குத் தெரிந்ததைத் தவிர வேறெதைச் செய்யும்?

புகைப்படங்களைப் பார்த்த நண்பர் ஒருவர், கவிஞர், முகத்தைச் சுளித்தார். “கொலைக் கருவியைச் செதுக்கி அழகு பார்க்கிறதுல என்ன சார் இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. ஊரைக் கொளுத்தப் போகிற கப்பலின் பின்புறத்தில் தேவதைகளைச் செதுக்கித் தங்கப் பூச்சு பூசியவர்கள், யுத்தத்துக்கு அலங்காரம் செய்தவர்கள்தான். கிரீனிச் மாதிரிகளின்முன் நின்றால் நண்பர் கட்சியில் நான் சேர்ந்துகொள்வேன். எலும்புக் கப்பல் விஷயத்தில் மாட்டேன். தோற்றவன் செய்தது அது. அவன் யுத்தத்தின் கசாப்பைப் பார்த்தவன். கையில் கிடைத்த பொருளும் கசாப்பின் மிச்சம். சின்ன வெள்ளைத் தளத்தில் ஒரு மனித உருவத்தையும் பெரும்பாலும் அவன் வைப்பதில்லை. முகப்பில் ஒரு சிற்பம் இருக்கும், அவ்வளவுதான். எண்ணூறு பேர் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் ஆள் அரவமே இல்லை. எந்த யுத்த எதிர்ப்புக் கவிதையிலும் இந்த வெறுமையை நான் பார்த்ததில்லை. இதை அவன் யோசித்துச் செய்தான் என்று சொல்ல வரவில்லை. செய்திருக்கிறான்.

எனக்கு உறுத்துவது வேறு. சில கப்பல்களில் ஆங்கிலப் பெயர் இருக்கிறது, ஆங்கிலக் கொடி பறக்கிறது. சந்தைக்கு வருகிறவன் ஆங்கிலேயன். தன் ஊர்க் கப்பலை வாங்குவானே தவிர பிரெஞ்சுக் கப்பலை எதற்கு வாங்குகிறான்? ஆகவே தன்னைப் பிடித்தவர்களின் கப்பலை, அவர்கள் போட்ட இறைச்சியின் எலும்பில், அவர்களுக்கே விற்பதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்திருக்கிறான் ஒருவன். அவன் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. பல கப்பல்களில் பீரங்கிகளுக்குப் பின்னால் வில் வைத்து, எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்துக் கீழே வெளியே விட்டிருப்பார்கள். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, விருந்தாளிகள் வரும்போது நூலை இழுப்பார். பீரங்கிகள் அத்தனையும் உள்ளே போகும். விட்டால் வெளியே வரும்.