கட்டு வந்திருக்கு

இந்த மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது. மாவட்ட மைய நூலகத்திலிருந்து சணல் கயிறு போட்டு வந்து இறங்கிய சேதி, தபால் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் புண்ணியத்தில் அன்று மாலைக்குள் டீக்கடை வரை போய்விட்டது. காலையில் நாளிதழ், மாலையில் சரித்திர நாவல் என்று வாழ்கிறவர் அவர். அலமாரியில் இருக்கும் அத்தனை ராஜாக்களையும் ஒருமுறை முடித்துவிட்டார்.

"ஏம்மா, கட்டு வந்திருக்காமே?"

"வந்திருக்குங்கய்யா. இன்னும் பதியல. புதன்கிழமை வாங்க."

"மேலாப்புல ஒண்ணு மட்டும் பார்த்துட்டுத் தந்துடுறேனே."

"பதியாம கையில குடுத்தா ஆடிட்டுல என்னைத்தான் கேப்பாங்கய்யா."

பதிவது லேசுப்பட்ட வேலையில்லை. முதலில் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் எண் போட்டு, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை எல்லாம் எழுத வேண்டும். பிறகு முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று, நடுவே ரகசியப் பக்கத்தில் ஒன்று. முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் தள்ளினாலும் அந்த நடுப்பக்க முத்திரை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். நூலகர் அம்மா சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. கடைசியாகப் பசை தடவித் தேதித்தாளை ஒட்ட வேண்டும். இத்தனையையும் ஒரே ஆள், புத்தகம் திருப்பித் தர வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நடுவில் வெள்ளிக்கிழமை வந்தால் அன்றைக்கு நூலகம் விடுமுறை.

புதன்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். சிறுகதைகள், சித்த மருத்துவம், ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை, தென்னை சாகுபடி, குழந்தைகளுக்கான வண்ணப்படப் புத்தகங்கள், ஒல்லி ஒல்லியாகக் கவிதைகள். கவிதை கொஞ்சம் அதிகம்தான். புது வரவு என்று பலகையில் எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் அச்சாகி இரண்டு மூன்று வருஷம் ஆனவை. பதிப்பகத்தார் விண்ணப்பித்து, தேர்வாகி, விலை முடிவாகி, நூலக ஆணை கிடைத்து, மாவட்டத்துக்கு வந்து பிரிந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் அவ்வளவு காலம் ஓடிவிடுகிறது. அதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. தென்னை சாகுபடி அதற்குள் பழசாகிவிடாது. என் குறை வேறு. இந்தக் கட்டில் எங்கள் ஊர்க்காரர் யாரும் கேட்ட புத்தகம் ஒன்றுகூட இல்லை. கேட்டால்தானே இருக்கும்! மேசை ஓரத்தில் வாசகர் பரிந்துரை நோட்டு ஒன்று கிடக்கிறது. புரட்டினால் முதல் இரண்டு பக்கத்தோடு எழுத்து நின்றுவிடுகிறது. அதிலும் ஒருவர் மின்விசிறி சத்தம் போடுவதாக எழுதியிருக்கிறார்.

படிப்பறை இப்போது போட்டித் தேர்வுக்காரர்களால் நிறைந்து கிடக்கிறது. பெரியவருக்கு அதில் வருத்தம் உண்டு. "லைப்ரரியா, டியூஷன் சென்டரா?" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் ஒரே அறை, அதிலும் டி.வி. ஓடுகிறது என்றால் அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போய்ப் படிப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது நாற்காலியும் வெளிச்சமும் அமைதியும். குரூப் 4 தேர்வு முடிந்ததும் அவர்களில் ஒருத்தி சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போனதைப் பார்த்தேன். எல்லோரும் அப்படி எடுப்பார்கள் என்று சொல்லமாட்டேன்.

இந்தக் கட்டைப் போலப் புத்தகத்தை ஊர் தேடிக் கொண்டுபோகிற வேலை நம் பக்கத்தில் நேற்று ஆரம்பித்ததில்லை. மன்னார்குடி பக்கம் மேலவாசலில் 1931இல் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் விட்டார் கனகசபைப் பிள்ளை என்பவர். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் அதே வருஷம்தான். சுதந்திரம் வந்த மறுவருஷமே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். நூலகத்துக்கென்று தனியாக ஒரு வரி போட்டதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி என்றால் நூறு ரூபாய்.

எதிர்வீட்டுக்காரர் வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேரூராட்சியை வைதுகொண்டிருந்தபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். வைவதை நிறுத்தினார்.

"அப்போ அங்க இருக்கிற புக்குல நம்ம காசும் இருக்குன்னு சொல்லுங்க சார்."

"புக்குல, ஃபேன்ல, எல்லாத்துலயும்."

வீடு கட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நூலக வாசல்படி மிதிக்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். நேரே மேசைக்குப் போய் மனையடி சாஸ்திரம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஆனால் இரவல் போயிருந்தது. எடுத்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று நின்றார். நூலகர் அம்மா அதையும் சொல்லவில்லை. பரிந்துரை நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "இன்னொரு பிரதி வேணும்னு எழுதுங்க சார். எழுதுனாத்தான் நான் மேல அனுப்ப முடியும்."

மனையடியோடு நிற்காமல், மாடித்தோட்டம், மூட்டுவலிக்கு யோகாசனம் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டுத்தான் மனிதர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.